மே மாதப் பாலம்: கொரேஸ் கிராமத்து வீடொன்றில் ஐந்து இரவுகள்

2024 மே மாதம் காலண்டரைப் பார்த்ததுமே எங்கள் வீட்டில் பேச்சு ஆரம்பித்துவிட்டது. மே 8 புதன்கிழமை, இரண்டாம் உலகப்போர் வெற்றி நாள். மறுநாள் வியாழன், ஆண்டவரின் விண்ணேற்றத் திருநாள். வெள்ளிக்கிழமை ஒரு நாள் லீவு போட்டால் ஞாயிறு வரை ஐந்து நாள். இப்படி இரண்டு விடுமுறைகளுக்கு நடுவில் இருக்கும் வேலைநாளைத் தாண்டுவதைத்தான் பிரான்சில் 'பாலம் போடுவது' என்பார்கள். அந்த வெள்ளியன்று பள்ளிக்கூடமும் இல்லை. பாரிஸ் புறநகரில் நாலாவது மாடியில் அந்த ஐந்து நாளையும் கழிக்க யாருக்கும் மனமில்லை.

முந்தின வருடம் இதே மாதிரி ஒரு விடுமுறையில் ஒரு கிராமத்தில் தனி வீடு வாடகைக்கு எடுத்திருந்தோம். இங்கே அதை 'ஜீத்' என்பார்கள். நாமே சமைத்துக்கொள்ளலாம், வசதிதான். ஆனால் விடுமுறை நாளில் போய் இறங்கியதால் மளிகைக்கடை, ரொட்டிக்கடை, உணவகம் எல்லாமே பூட்டிக் கிடந்தன. இரண்டு நாள் பெட்ரோல் பங்க்கில் வாங்கிய பிஸ்கட்டும் பாஸ்தாவும்தான். ஊரில் ஒவ்வொரு வீட்டுக்குள்ளிருந்தும் விருந்துச் சத்தம் கேட்டது. நாங்கள் வெளியில் நடந்துகொண்டிருந்தோம்.

அதனால் இந்த முறை 'ஷாம்ப்ர் தோத்' என்ற வகையைத் தேடினேன். ஒரு குடும்பம் தாங்கள் குடியிருக்கும் வீட்டிலேயே சில அறைகளை விருந்தினருக்குக் கொடுப்பது அது. சட்டப்படி ஐந்து அறைகளுக்கு மேல் கூடாது, ஒரே நேரத்தில் பதினைந்து பேருக்கு மேல் தங்கக் கூடாது. படுக்கை விரிப்பும் காலை உணவும் வாடகையில் அடக்கம். அவர்களில் சிலர் 'தாப்ல் தோத்' என்று இரவுச் சாப்பாடும் போடுவார்கள். அது ஹோட்டல் மாதிரி அல்ல. மெனு கார்டு கிடையாது, வீட்டில் அன்று என்ன சமைக்கிறார்களோ அதுதான், எல்லோரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். நான் தேடியது அந்த மேசையைத்தான்.

பிரான்சின் தென்மேற்கே, கொரேஸ் மாவட்டத்தின் தெற்கில், தொர்தோஞ் ஆற்றுக்குப் பக்கத்தில் ஒரு பண்ணை வீடு கிடைத்தது. வீட்டின் பெயரை எழுதப் போவதில்லை. குறைகளையும் சொல்லப்போகிறேன், அவர்கள் சின்னக் குடும்பம். ஆனால் இதே மாதிரி வீடுகள் பிரான்ஸ் முழுக்க இருக்கின்றன, பிடிக்கும்போது எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள இது உதவும். அப்போது நாலு பேருக்கான அறை ஓர் இரவுக்கு 112 யூரோ. சாப்பாடு பெரியவர்களுக்கு 26, குழந்தைக்கு 13. ஐந்து இரவு, ஐந்து வேளைச் சாப்பாடு சேர்த்து 1015 யூரோ, அதற்கு மேல் சுற்றுலா வரி கொஞ்சம். மே மாதப் பாலத்துக்கு இது நியாயமான விலை என்றே சொல்வேன். கொடுத்த காசு எங்கே போனது என்று ஒவ்வொரு வேளையும் தட்டில் தெரிந்தது.

செவ்வாய் மாலை பள்ளி விட்டதும் காரில் கிளம்பினோம். வியெர்சோனிலிருந்து ப்ரீவ் வரை ஏ20 நெடுஞ்சாலையில் சுங்கக் கட்டணம் இல்லை. அதே காரணத்தால் கூட்டமும் அதிகம். போய்ச் சேரும்போது கிட்டத்தட்ட நள்ளிரவு. வீட்டுக்காரம்மா தூங்காமல் காத்திருந்தார். ரை மாவில் சுட்ட பெரிய கருப்பு ரொட்டி, வால்நட், ரொக்கமதூர் சீஸ் மூன்றையும் ஒரு மரப்பலகையில் வைத்துத் துணி போட்டு மூடியிருந்தார். ரொக்கமதூர் என்பது பக்கத்து லோ மாவட்டத்து ஆட்டுப்பால் சீஸ், உள்ளங்கைக்குள் அடங்கும், ஒன்று 35 கிராம்தான். வசந்தத்தில் ஆடுகள் புதுப்புல் மேய்வதால் இந்த மாதத்தில் அதன் ருசியே வேறு என்றார். நான் நகரத்து சூப்பர் மார்க்கெட்டில் எத்தனையோ தடவை வாங்கியிருக்கிறேன். இந்த அளவு மென்மையாக, ரொட்டியில் தானாகவே பரவுகிற மாதிரி ஒன்றைச் சாப்பிட்டதில்லை.

மேசை நடுவில் ஒரு கண்ணாடித் தம்ளரில் மே தினத்து மல்லிகை மாதிரி மணக்கும் 'ம்யூகே' பூக்கொத்து வாடிப்போய் நின்றது. மே 1 அன்று எல்லோரும் எல்லோருக்கும் கொடுப்பார்களே, மணி மணியாகத் தொங்கும் வெள்ளைப்பூ, அதுதான். மன்னர் ஒன்பதாம் சார்ல் 1561-இல் ஆரம்பித்து வைத்த வழக்கம் என்று சொல்வார்கள். ஒரே காம்பில் பதின்மூன்று மணி இருந்தால் அதிர்ஷ்டமாம். என் மகள் எண்ணப் போனாள். வீட்டுக்காரம்மா முதலில் சொன்னது, "அந்தத் தம்ளர்த் தண்ணீரை மட்டும் தொட்டு வாயில் வைக்காதே, செல்லம்" என்று. அந்தச் செடி முழுக்க விஷம், அது நின்ற தண்ணீர் கூட. குழந்தைகள் இருக்கும் வீட்டில் பலருக்கு இது தெரிவதில்லை.

மறுநாள் காலை பதினொரு மணிக்கு ஊர் நினைவுத்தூண் முன்னால் மே 8 நிகழ்ச்சி. "வருகிறீர்களா?" என்று சாதாரணமாகக் கேட்டார், போனோம். ஐம்பது பேர் இருப்பார்கள். மூவர்ணப் பட்டை அணிந்த மேயர் அமைச்சர் அனுப்பிய செய்தியை வாசித்தார், மலர்வளையம் வைத்தார். பிறகு தூணில் செதுக்கியிருந்த பெயர்களை ஒவ்வொன்றாகப் படிக்க, ஒவ்வொரு பெயருக்கும் 'பிரான்சுக்காக உயிர் கொடுத்தவர்' என்று பதில் வந்தது. 1914-18 பெயர்கள் முடியவே நேரமெடுத்தது. இவ்வளவு சின்ன ஊரில் இத்தனை பேரா என்று இருந்தது. ஒரே குடும்பப் பெயர் மூன்று தடவை வந்தது. பிறகு ஒரு நிமிட மௌனம், தேசிய கீதம். 'ப்ளுவே' எனும் நீலப்பூ ஸ்டிக்கரை என் மகளுக்கு ஒருவர் ஒட்டிவிட்டார். போரில் பாதிக்கப்பட்டவர்களின் குடும்பங்களுக்காக வருடம் இரண்டு முறை, மே 8-லும் நவம்பர் 11-லும் அதை விற்றுப் பணம் சேர்க்கிறார்கள்.

இந்தப் பகுதியில் அந்த நாளுக்குக் கனம் அதிகம். மாவட்டத் தலைநகர் த்யூலில் 1944 ஜூன் 9 அன்று ஜெர்மானிய எஸ்.எஸ். படை 99 ஆண்களைத் தெருவோர பால்கனிகளிலும் விளக்குக் கம்பங்களிலும் தூக்கிலிட்டது. வீட்டுக்காரம்மாவின் மாமனாருக்கு அப்போது ஆறு வயது. அவர் அதைப் பற்றி எதுவும் பேசவில்லை. நிகழ்ச்சி முழுக்கத் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, நாற்காலி போட்டும் உட்காராமல் நின்றார். பாரிசில் மே 8 எனக்கு ஒரு லீவு நாள், அவ்வளவுதான். 1981-இல்தான் அது மறுபடி பொது விடுமுறை ஆனது என்பதைக்கூட அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். நிகழ்ச்சி முடிந்ததும் ஊராட்சிக் கூடத்தில் எல்லோருக்கும் ஒரு கிளாஸ் ஒயினும் பழச்சாறும். வெளியூர்க்காரர்கள் என்று யாரும் எங்களை ஒதுக்கவில்லை. என் அம்மாவுக்கு உட்கார இடம் கொடுத்துவிட்டுத்தான் மற்றவர்கள் உட்கார்ந்தார்கள்.

கூடத்திலிருந்து திரும்பும் வழியில் மேயர் வீட்டு வாசலைப் பாருங்கள் என்றார்கள். கிளை கழித்த ஒரு பைன் மரம், உச்சியில் மட்டும் காய்ந்த கொத்து, அதற்குக் கீழே வெளிறிப்போன மூவர்ணக் கொடிகள், 'எங்கள் மேயருக்கு மரியாதை' என்று ஒரு பலகை. இதற்கு 'மே மரம்' என்று பெயர். உள்ளாட்சித் தேர்தல் முடிந்ததும் ஊரார் கூடி, தேர்ந்தெடுக்கப்பட்டவர் வீட்டு முன்னால் இதை நடுவார்கள். அவர் பதிலுக்கு எல்லோருக்கும் குடிக்கவும் சாப்பிடவும் கொடுக்க வேண்டும். லிமுசேன், பெரிகோர் என்ற இந்தப் பக்கத்துப் பகுதிகளில் இன்னும் நடக்கிறது. இது 2020 தேர்தலில் நட்டது. யாரும் வெட்ட மாட்டார்கள், தானாக மக்கிச் சாயும் வரை நிற்கும். நாங்கள் வழியில் காரிலிருந்து இந்தக் கம்பங்களை நிறையப் பார்த்து, ஏதோ விளம்பரம் என்று நினைத்திருந்தோம்.

சரி, சாப்பாட்டுக்கு வருகிறேன். இங்கேதான் முதல் நாளே ஒரு சிக்கல்.

என் அம்மா கறி, மீன் தொடமாட்டார். முட்டை சாப்பிடுவார். இதை முன்பதிவிலேயே எழுதியிருந்தேன், "பிரச்சினை இல்லை" என்று பதிலும் வந்தது. புதன் மாலை வீட்டுக்காரம்மா 'தூர்தூ' சுட்டார். பக்வீட் என்ற தானியத்தின் மாவோடு கொஞ்சம் கோதுமை மாவு, ஈஸ்ட், உப்பு, வெதுவெதுப்பான தண்ணீர் சேர்த்துக் கரைத்துப் பொங்க வைத்து, இரும்புக் கல்லில் ஊற்றி இரண்டு பக்கமும் சுடுவது. கொரேஸ் வீடுகளில் இது ரொட்டிக்குப் பதிலாக வருவது. அம்மா ஆசையாகத் தட்டை எடுத்து வைத்துக்கொண்டார். அடுப்பறையில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த என் மகள் ஓடிவந்து காதில் சொன்னாள், "அம்மா, அவங்க கல்லுல பன்றிக் கொழுப்பு தேய்க்கிறாங்க." போய்ப் பார்த்தேன். முள்கரண்டியில் ஒரு துண்டு பன்றிக் கொழுப்பைக் குத்தி, ஒவ்வொரு தூர்தூவுக்கும் முன்னால் கல்லைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

நான் சொன்னதும் அவருக்கு முதலில் புரியவே இல்லை. மாவில் இறைச்சி இல்லையே என்றார். உண்மையிலேயே அவர் கணக்கில் அது இறைச்சி இல்லை, கல்லுக்குப் பூசுகிற ஒன்று. இந்தப் பக்கத்தில் காய்கறி என்று எழுதியிருந்தாலும் வாத்துக் கொழுப்பிலோ பன்றிக் கொழுப்பிலோ வதக்கியிருப்பார்கள் என்பதை நானும் முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும். புரிந்ததும் அவர் முகம் சிவந்துவிட்டது. கல்லை இறக்கி, சோப்பு போட்டுத் தேய்த்து, மறுபடி அடுப்பில் ஏற்றினார். ஆனால் எதை வைத்து எண்ணெய் தடவுவது என்று தயங்கி நின்றார்.

அப்போதுதான் அம்மா எழுந்து அடுப்பறைக்குள் போனார். அவருக்கு பிரெஞ்சில் 'மெர்சி', 'போன்ஜூர்' தவிர அதிகம் வராது. கூடையிலிருந்து ஒரு வெங்காயத்தை எடுத்து, பாதியாக நறுக்கி, அதே முள்கரண்டியில் குத்தி, சூரியகாந்தி எண்ணெயில் தொட்டுக் கல்லில் தேய்த்தார். நாம் தோசைக்குச் செய்வதுதான். மாவைக் கரண்டியில் எடுத்து நடுவில் ஊற்றி, சுற்றி இழுத்து, ஓரம் தூக்கியதும் திருப்பிப் போட்டார். ஒட்டவே இல்லை. வீட்டுக்காரம்மா அந்த வெங்காயத்தை வாங்கிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார், அடுத்ததை அவரே ஊற்றினார். அதற்குப் பிறகு அன்று இரவு முழுக்க எல்லோருக்கும் வெங்காயம் தேய்த்த தூர்தூதான். மாமனார் மட்டும் முதலில் ஒன்றைத் தனியாகப் பிய்த்துச் சாப்பிட்டுப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். உள்ளே வெண்ணெய் மாதிரியான புது ஆட்டுச் சீஸும் பொடியாக நறுக்கிய வெங்காயத்தாளும் வைத்துச் சுருட்டிச் சாப்பிட்டோம். அம்மா மூன்று சாப்பிட்டார். அவர் வீட்டுக்கு வெளியில் மூன்றாவது எடுத்து நான் பார்த்ததில்லை.

ஆகவே சைவம் சாப்பிடுகிறவர்கள் கவனிக்க: 'இறைச்சி வேண்டாம்' என்று எழுதினால் போதாது. 'விலங்குக் கொழுப்பும் வேண்டாம், பன்றி இறைச்சித் துண்டுகளும் வேண்டாம்' என்று தனித்தனியாக எழுதுங்கள். சூப்பையும் பட்டாணியையும் பற்றித் தனியாகக் கேளுங்கள். பட்டாணியை இங்கே லெட்டூஸ் கீரையோடும் சின்ன வெங்காயத்தோடும் வேக வைக்கும்போது பன்றித் துண்டு போடுவது வழக்கம்.

வியாழன், விண்ணேற்றத் திருநாள். ஈஸ்டரிலிருந்து நாற்பதாம் நாள் என்பதால் எந்த வருடமும் வியாழக்கிழமைதான் வரும். ஒரே பாதிரியார் பல ஊர்களுக்கு இருப்பதால் அன்று இந்த ஊர்க் கோயிலில் பூசை இல்லை, வேறு ஊருக்குப் போனவர்கள் போனார்கள். அதற்கு முந்தின மூன்று நாளும் முன்பெல்லாம் பாதிரியார் வயல்வெளிச் சிலுவைகள் வரை ஊர்வலமாகப் போய் விளைச்சலை ஆசீர்வதிப்பார் என்று வீட்டுக்காரம்மாவின் மாமனார், அந்தப் பெரியவர், சொன்னார். அவர் சின்ன வயதில் அந்த ஊர்வலத்தில் மணி பிடித்திருக்கிறார். இப்போது சிலுவைகள் மட்டும் முச்சந்திகளில் நிற்கின்றன. ஊர் மைதானத்தில் பழைய சாமான் சந்தை இருந்தது. வீட்டுப் பரணில் கிடப்பதையெல்லாம் கொண்டுவந்து மேசை போட்டு விற்பார்கள், 'வீத் க்ரெனியே' என்பார்கள். என் மகள் இரண்டு யூரோவுக்கு ஒரு செம்பு மணி வாங்கினாள். ஆட்டுக் கழுத்தில் கட்டுவது.

மதியம் பெரிய சாப்பாடு. வீட்டுக்காரம்மாவின் இரண்டு மகள்கள், அவர்கள் குடும்பங்கள், பக்கத்து வீட்டுக்காரர், நாங்கள், இன்னொரு அறையில் தங்கியிருந்த தம்பதி, மொத்தம் பதினாறு பேர். வெளியில் வால்நட் மரத்தடியில் இரண்டு மேசையை ஒட்டிப் போட்டிருந்தார்கள். முதலில் வெள்ளை அஸ்பராகஸ். தோல் சீவி, வேகவைத்து, வெதுவெதுப்பாக, வால்நட் எண்ணெயில் செய்த வினிகிரெட்டோடு வந்தது. கையால் எடுத்துத் தொட்டுச் சாப்பிடுங்கள் என்றார்கள். அந்த வால்நட் எண்ணெய்க்கு நான் அடிமையாகிவிட்டேன். வறுத்த பருப்பின் வாசனை, கடைசியில் ஒரு சின்னக் கசப்பு. அதைச் சூடாக்கக் கூடாது, கெட்டுவிடும் என்று இரண்டு பேர் ஒரே நேரத்தில் சொன்னார்கள். அப்புறம் 'நவரேன்', அதாவது இளம் ஆட்டுக்கறியை வசந்தகாலக் காய்களோடு, குட்டி டர்னிப், இளங்கேரட், புதுப்பட்டாணி சேர்த்து மெதுவாக வேகவைப்பது. என் கணவருக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. எனக்குக் கறியைவிட அந்த டர்னிப். நகரத்தில் கிடைக்கும் முற்றின டர்னிப்பை வைத்து அந்தக் காயையே வெறுத்திருந்தேன். பிஞ்சாக, ஆட்டுச் சாற்றை உறிஞ்சிக்கொண்டு, இனிப்பாக இருந்தது.

அம்மாவுக்கு இளம்பூண்டு ஆம்லெட். தென்மேற்குப் பக்கத்தில் ஈஸ்டர் சமயம் முதல் செய்வது. குமிழ் கட்டுவதற்கு முன்னால் பிடுங்கிய பூண்டை, பச்சைத் தாளோடு சேர்த்து நறுக்கி, வதக்கி, முட்டை ஊற்றுவது. இந்த முறை எண்ணெயில்தான் வதக்கினேன் என்று வீட்டுக்காரம்மா பாட்டிலையே கொண்டுவந்து காட்டினார்.

கடைசியில் வந்த அக்காசியா பூவைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது. வீட்டுக்குப் பின்னால் சரிவு முழுக்க அந்த முள் மரங்கள். மே முதல் பாதியில் பத்துப் பன்னிரண்டு நாள் மட்டும் வெள்ளைக் கொத்தாகப் பூக்கும். ஒவ்வொரு பூவும் குட்டியாகச் சுருங்கிய அகத்திப்பூ மாதிரி. நடந்து போனாலே தேன் வாசனை. காலையில் பனி காய்ந்ததும் என் மகளும் அந்த வீட்டுப் பேரப் பிள்ளைகளும் கூடையோடு போய்ப் பறித்தார்கள். மழை பெய்த மறுநாள் பறித்தால் வாசனை இருக்காதாம். பூவை மட்டும்தான் சாப்பிட வேண்டும், இலையும் பட்டையும் விதையும் விஷம் என்று பெரியவர் ஒவ்வொரு பிள்ளையிடமும் தனியாகச் சொல்லி அனுப்பினார். மாவு, முட்டை, கொஞ்சம் பால் கலந்த கரைசலில் கொத்தைக் காம்போடு முக்கி, பஜ்ஜி போடுவது போல எண்ணெயில் போட்டு, மேலே சர்க்கரை தூவினார்கள். காம்பைப் பிடித்துக்கொண்டு பூவைப் பல்லால் உருவிச் சாப்பிட வேண்டும். வெளியே மொறுமொறுப்பு, உள்ளே பூவின் ஈரம் அப்படியே. இதை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. பறித்த சில மணி நேரத்தில் வாடிவிடும் என்பதால் விற்கவும் வழியில்லை. அந்த மரத்தின் பக்கத்தில், அந்தப் பத்து நாளுக்குள், யாராவது உங்களை மேசைக்குக் கூப்பிட வேண்டும்.

இனி குறைகள். அறை பழைய வைக்கோல் கொட்டகைக்கு மேலே இருந்தது. ஏறும் மரப்படி ரொம்பச் செங்குத்து. முழங்கால் வலி உள்ள அம்மா ஒவ்வொரு தடவையும் கைப்பிடியைப் பிடித்துப் பக்கவாட்டில் இறங்க வேண்டியிருந்தது. படங்களில் இது தெரியவில்லை, முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். மூன்று பேர் குளித்தால் வெந்நீர் தீர்ந்துவிடும், நாலாவது ஆள் முக்கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். கார்டு வாங்க மாட்டார்கள். ரொக்கம், காசோலை, விடுமுறைச் செக் (நிறுவனங்கள் ஊழியர்களுக்குத் தரும் விடுமுறைக் கூப்பன்) இவைதான். பக்கத்து ஊர் ஏ.டி.எம். பன்னிரண்டு கிலோமீட்டர். அறைக்குள் போன் சிக்னல் கிடையாது. சேவல் நாலரைக்குக் கூவும். சேவலைப் பற்றிப் புகார் செய்தும் பலனில்லை, கிராமத்து ஓசைகளும் வாசனைகளும் பாதுகாக்க வேண்டிய மரபு என்று 2021-இல் பிரான்சில் சட்டமே போட்டிருக்கிறார்கள். படியைத் தவிர மற்றதெல்லாம் இரண்டாம் நாளே பழகிவிட்டது. படி பழகவில்லை. வயதானவர்களை அழைத்துப் போகிறவர்கள் தரைத்தள அறை இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள்.

வெள்ளிக்கிழமை எங்கும் போகவில்லை. தாழ்வாரத்தில் தக்காளி, கத்தரி, துளசி நாற்றுகள் மரப்பெட்டிகளில் வரிசையாக இருந்தன. பகலில் வெயிலுக்கு வெளியே வைத்து, இருட்டியதும் உள்ளே தூக்கி வைப்பார் பெரியவர். வெயில் இப்படி அடிக்கிறதே, நட்டுவிடலாமே என்று என் கணவர் கேட்டார். பெரியவர் விரல் விட்டு எண்ணினார்: "மமேர், பாங்க்ராஸ், செர்வே." மே 11, 12, 13. பனிப் புனிதர்கள் என்று பெயர். இந்த மூன்று நாள் தாண்டும் வரை உறைபனி வரலாம், அதற்கு முன்னால் யாரும் தக்காளி நடக் கூடாது. இப்போதைய நாட்காட்டியில் அந்தத் தேதிகளில் வேறு பெயர்கள் போட்டுவிட்டார்கள். எஸ்தெல், அஷீல், ரோலாந்த் என்று இருக்கும். பெரியவருக்கு அதெல்லாம் கணக்கில் இல்லை. என் மகள் அன்று மாலை பெட்டிகளைத் தூக்கி வைக்கும் வேலையை எடுத்துக்கொண்டாள். சனிக்கிழமையும் அவள்தான்.

அன்று இரவு பதினொரு மணிக்கு மேல் யாரோ கதவைத் தட்டினார்கள். எல்லோரும் முற்றத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். வடக்கே கொட்டகைக் கூரைக்கு மேல் வானம் ரோஜா நிறத்தில் இருந்தது. முதலில் எங்கேயோ தீ என்று பயந்தேன். 2024 மே 10 இரவு ஐரோப்பா முழுக்கத் தெரிந்ததே, துருவ ஒளி, அது. எந்த வீடும் விலை பேசித் தர முடியாத ஒன்று, அதனால் வீட்டின் நிறைகளில் சேர்க்கவில்லை. ஆனால் எங்களை எழுப்ப வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றியதே, அதைச் சேர்க்கிறேன். பெரியவர் ஒரு கம்பளியை அம்மா தோளில் போட்டுவிட்டு, தான் சட்டையோடு நின்றார்.

ஞாயிறன்று கிளம்பும் வழியில் பொலியூ-சுர்-தொர்தோஞ் ஊரில் ஸ்ட்ராபெரி திருவிழா. வருடந்தோறும் மே மாதத்தில் நடக்கும். ஒரு பெரிய வட்டத்தில் ராட்சத ஸ்ட்ராபெரி டார்ட் செய்து, வெட்டித் துண்டு துண்டாக விற்பார்கள். காலை சீக்கிரம் போய்விடுங்கள், பதினொன்றுக்கு மேல் கார் நிறுத்த இடம் கிடைக்காது. டார்ட் பார்க்க அழகு, சாப்பிட சுமார்தான், அடி மாவு ஊறிப்போயிருந்தது. அதைவிட விவசாயிகள் மேசையில் விற்ற காரிகெத் என்ற ஸ்ட்ராபெரி வகையைப் பெட்டியாக வாங்குங்கள். நீளமாக, ஆரஞ்சு கலந்த சிவப்பில், இனிப்புக்குள் ஒரு புளிப்போடு இருக்கும். ஃப்ரிட்ஜில் வைக்கக் கூடாது, காம்பைக் கிள்ளுவதற்கு முன்னால் கழுவ வேண்டும் என்று விற்ற பெண் சொல்லிக் கொடுத்தார். ஆற்றோரத்தில் பழைய சிற்றாலயத்துக்கு எதிரே உட்கார்ந்து இரண்டு பெட்டியைக் காலி செய்தோம். மூன்றாவது பெட்டி ஏ20-இல், லிமோஜ் வருவதற்குள் தீர்ந்தது.

அடுத்த வருடம், 2025 மே 29-க்கு, அதுவும் விண்ணேற்ற வியாழன்தான், அதே வீட்டில் முன்பதிவு செய்துவிட்டேன். தரைத்தள அறை கேட்டேன், பழைய பால் அறையைச் சரிசெய்து தருகிறேன் என்றார். அக்காசியா அதற்குள் முடிந்துவிடுமாம். எல்டர் பூவும், கொட்டை எடுக்காமல் சுடுகிற செர்ரி கிளாஃபூத்தி என்ற இனிப்பும் அப்போது கிடைக்கும் என்று எழுதியிருந்தார். கடிதத்தின் கீழே, தூர்தூவுக்கு இப்போதெல்லாம் வெங்காயம்தான் தேய்க்கிறேன், மாமனார் மட்டும் தனக்குக் கொழுப்புதான் வேண்டும் என்கிறார், அதனால் இரண்டு கல் வைத்திருக்கிறேன் என்று ஒரு வரி. அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். நம் வெங்காயத்தை எந்தப் பக்கமாக நறுக்க வேண்டும் என்று அவருக்கு எழுதினாயா என்று கேட்டார். எழுதியிருக்கிறேன்: காம்புப் பக்கம் முள்கரண்டியில், வெட்டின பக்கம் கல்லில்.